ரெண்டரை ஏக்கருக்கு ஒரு கலர்

ஏப்ரல் பாதி தாண்டினால் போதும், நம்ம பத்திரிகைகளுக்கெல்லாம் கிரிக்கெட் ஜுரம் வந்துவிடும். வெயில் சதமடித்தது, இத்தனை ஊர்களில் சதம் என்று ஸ்கோர் போடுவார்கள். ஃபாரன்ஹீட்டில் 100-ஐத் தாண்டினால் சதம். அக்னி நட்சத்திரம் ஆரம்பிச்சதும் டிவிக்காரர் ஒருத்தர் நடுரோட்டில் முட்டையை உடைச்சு ஊத்தி ஆம்லெட் ஆகுதான்னு பார்ப்பார். முடிஞ்சது கோடைச் செய்தி.

எனக்கு இந்த ஸ்கோர் மேல ரொம்ப நாளாகவே ஒரு கடுப்பு. சென்னைக்கு இன்னிக்கு 40 டிகிரின்னு சொல்றாங்களே, எந்தச் சென்னைக்கு? செய்தியில் வருகிற நம்பர் நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் இருக்கிற வானிலை நிலையங்களிலிருந்து வருது. காத்து போய் வர இடைவெளி விட்ட வெள்ளைப் பெட்டி, தரையிலிருந்து நாலடி உயரம், உள்ளே வெயில் படாமல் ஒரு தெர்மாமீட்டர். அளக்கிற முறையில் தப்பே இல்லை. உலகம் பூரா இப்படித்தான் அளக்கறாங்க. 2003 மே 31 அன்னிக்குச் சென்னையில் 45 டிகிரி செல்சியஸ் போச்சே, அதை இன்னிக்கும் நம்பிப் பேச முடியறது இப்படி ஒழுங்கா அளந்ததாலதான். ஆனா அந்த வெள்ளைப் பெட்டிக்குள்ள யாரும் குடியிருக்கலையே சாமி!

இதுல இன்னொரு கூத்து உண்டு. கடலோர ஊர்களில் எப்போ 'வெப்ப அலை'ன்னு அறிவிப்பாங்க தெரியுமா? அதிகபட்ச வெப்பநிலை 37 டிகிரியாவது இருக்கணும், அதோட அந்த நாளோட இயல்பை விட 4.5 டிகிரி கூடவும் இருக்கணும். மே மாசத்து இயல்பே 37-ஐ ஒட்டி இருக்கிற ஊரில், நாற்பத்தொண்ணரையை எட்டினாத்தான் அது அலை. நாற்பது டிகிரியும் கடல்காத்தோட ஈரமும் சேர்ந்து, வேர்வை காயாம, உடம்பு சூட்டை வெளியே தள்ள முடியாம ஒரு மனுஷன் சுருண்டு விழுந்தா, கணக்குப்படி அன்னிக்கு அலை எதுவும் அடிக்கலை.

சரி, மேட்டருக்கு வரேன். இந்த 'ஒரு ஊருக்கு ஒரு நம்பர்' பொய்யை உடைக்கத்தான் வெப்ப மேப் வந்தது. சாட்டிலைட் படத்தை எடுத்து ஊரைச் செவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சைன்னு பிரிச்சுக் காட்டுவாங்க. இப்போ எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் இந்த மேப் இல்லாம பேச்சே கிடையாது. பல்கலைக்கழகம் போடுது, அரசு அறிக்கைகள்ல வருது, பத்திரிகைக்காரங்க அரைப்பக்கத்துக்குப் போடறாங்க. எல்லாரும் 'ஆஹா, செவப்பு' என்கிறார்கள். அப்புறம் டீ, பிஸ்கட்.

நான் மேப்புக்கு எதிரி இல்லீங்க. எனக்கு மேப் பைத்தியம். சனி ஞாயிறுல வேலை வெட்டி இல்லாம லாண்ட்சாட் படங்களை இறக்கி, இலவச மென்பொருள்ல போட்டுச் சென்னைக்கு நானே கலர் அடிச்சுப் பார்த்திருக்கேன். 2008-லிருந்து அந்தப் படங்கள் எல்லாருக்கும் இலவசம். கம்ப்யூட்டரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தா யார் வேணா செய்யலாம். அதனாலதான் சொல்றேன், இந்தக் கலர் மேப்பை முடிஞ்ச வேலையாக் காட்டறவங்க நம்ம காதுல பூ சுத்தறாங்க.

ஏன்னு விளக்கமாச் சொல்றேன். லாண்ட்சாட் 8, லாண்ட்சாட் 9 ரெண்டும் சேர்ந்து எட்டு நாளைக்கு ஒரு தடவை சென்னைக்கு மேல போகும். போற நேரம் காலை பத்தரை மணி வாக்கில். அன்னிக்கு மேகம் இருந்தா படம் அவுட். வெப்பத்தைப் பார்க்கிற கருவியின் கண்ணுக்கு ஒரு புள்ளி என்பது தரையில் நூறு மீட்டருக்கு நூறு மீட்டர். அதாவது ரெண்டரை ஏக்கர். சென்னைக்காரனுக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா, கிட்டத்தட்ட 45 கிரவுண்டு. 45 கிரவுண்டுக்கும் சேர்த்து ஒரே கலர்!

45 கிரவுண்டுல என்னென்ன இருக்கும்னு எங்க ஏரியாவையே பாருங்க. ஏசி போட்ட அபார்ட்மெண்ட் நாலு. அந்த ஏசியோட வெளிப்பெட்டிகள் எல்லாம் சூட்டை ஊதித் தள்ளற குறுக்குச் சந்து ஒண்ணு. அந்தச் சந்தைப் பார்த்தே ஜன்னல் வெச்ச ஒண்டுக்குடித்தன வீடுகள். மொட்டை மாடியில ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டு 'பேச்சிலர்ஸ் ஒன்லி'ன்னு வாடகைக்கு விட்ட ரூமுகள். ஒரு பிள்ளையார் கோவில் வேப்பமரம். எல்லாத்தையும் மிக்ஸியில போட்டு அரைச்சு, சராசரி ஆரஞ்சுன்னு காட்டுது மேப்.

எங்க தெருமுனையில இஸ்திரி வண்டி போட்டிருக்கிற அக்கா கிட்ட ஒரு நாள் லேப்டாப்ல இந்தப் படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் உத்துப் பார்த்தாங்க. "இதுல என் வண்டி எங்க கீது தம்பி?"ன்னாங்க. இந்தக் கட்டம் பூராவும் நம்ம ரெண்டு தெருவும் தாங்க்கா, தனியாத் தெரியாதுன்னேன். "அப்ப எனக்கும் அந்த மாடிக்கார அம்மாவுக்கும் ஒரே சூடுன்றியா?" கரிப்பெட்டி பக்கத்துல நின்னுக்கிட்டு கேக்கறாங்க. நான் லேப்டாப்பை மூடிட்டு வந்துட்டேன்.

இதைவிடப் பெரிய சங்கதி நேரம். சாட்டிலைட் பாக்கறது கூரையோட மேல்பக்கச் சூட்டை, ரோட்டோட சூட்டை. நாம சுவாசிக்கிற காத்தோட சூட்டை இல்லை, வீட்டுக்குள்ள இருக்கிற சூட்டை சுத்தமா இல்லை. அதுவும் காலை பத்தரைக்கு! பத்தரைக்குக் கான்கிரீட் இன்னும் முழுசாச் சூடாகியே இருக்காது. பகல் பூரா குடிச்ச வெயிலை அது ராத்திரிதான் கக்கும். 2017-ல் ஐஐடி காந்திநகர் ஆய்வாளர்கள் இந்திய நகரங்களின் சாட்டிலைட் கணக்கை எடுத்துப் பார்த்தாங்க. கோடைப் பகலில் பல நகரங்கள் சுத்தி இருக்கிற காய்ஞ்ச நிலத்தை விடக் குளிர்ச்சியாத் தெரியுது! ராத்திரிதான் நகரம் தன் சுயரூபத்தைக் காட்டுது. பகல் படத்தை மட்டும் நம்பினா, அறுவடை முடிஞ்ச பொட்டல் காட்டுக்குத்தான் முதல்ல ஓஆர்எஸ் பாக்கெட் அனுப்பணும்.

கடல்காத்து விஷயமும் இந்தப் படத்துல கிடையாது. சென்னையில பொறந்தவனுக்குத் தெரியும், மத்தியானம் கடல்காத்து சீக்கிரம் வந்தா பொழைச்சோம், வரலைன்னா செத்தோம். அந்தக் காத்து எந்தத் தெரு வரைக்கும் வருது, எந்தக் கட்டடத்துல முட்டி நின்னுடுது என்பதெல்லாம் பத்தரை மணிப் படத்துல எப்படி வரும்? காத்தே பல நாள் அதுக்கப்புறம்தான் கிளம்புது.

இதுக்கெல்லாம் வழி இல்லாமலும் இல்லை. சர்வதேச விண்வெளி நிலையத்துல 2018-ல் ஈகோஸ்ட்ரெஸ்னு ஒரு கருவி வெச்சாங்க. அது வேற வேற நேரத்துல, ராத்திரியிலயும், சுமார் 70 மீட்டர் அளவுல படம் எடுக்கும். அமெரிக்காவுல 2017-லிருந்து தன்னார்வலர்கள் கார்ல, சைக்கிள்ல சென்சாரைக் கட்டிக்கிட்டு காலை, மத்தியானம், சாயங்காலம்னு மூணு வேளை தெருத்தெருவாப் போய்க் காத்தோட சூட்டை அளந்திருக்காங்க. நம்ம மாநகரப் பேருந்து ஓடாத ரோடு இருக்கா? அம்பது பஸ்சுல சென்சார் வெச்சா ஒரே கோடையில ஊர்ப்பட்ட விவரம் கிடைக்கும். கருவியைச் சரிபார்த்து வைக்கணும், அது முக்கியம். 2024 மே மாசம் டெல்லி முங்கேஷ்பூர்ல 52.9 டிகிரின்னு நாடே அலறிச்சு, அப்புறம் சென்சார் மூணு டிகிரி கூடக் காட்டிடுச்சுன்னு வானிலைத் துறையே சொன்னது ஞாபகம் இருக்கும்.

ஆனா என் சண்டை சென்சாரோட முடியலை. எவ்வளவு நுணுக்கமான சூட்டு மேப் போட்டாலும், அதுல ஆள் இல்லைன்னா அது பாதி மேப்.

அகமதாபாத்தைப் பாருங்க. 2010 மே மாசம் அங்கே 46.8 டிகிரி வரைக்கும் போச்சு. அந்த ஒரு மாசத்துல வழக்கமா நடக்கிற சாவுகளை விட 1,344 சாவுகள் கூட. இது எப்படித் தெரிய வந்தது? 'வெயிலால் செத்தார்'னு சர்டிபிகேட் கொடுத்ததை எண்ணி இல்லை. அப்படி எண்ணியிருந்தா சொற்பம்தான் வந்திருக்கும். வெயில் நேரடியாக் கொல்றது கம்மி. இதயத்தைக் கொல்லும், கிட்னியைக் கொல்லும், சர்டிபிகேட்ல 'மாரடைப்பு'ன்னு போயிடும். அவங்க செஞ்சது, மாநகராட்சியோட மொத்தச் சாவுப் பதிவை எடுத்து மத்த வருஷங்களோட ஒப்பிட்டுப் பார்த்தது. அந்தக் கணக்கு குடுத்த அதிர்ச்சியிலதான் 2013-ல் வெப்பச் செயல்திட்டம் வந்தது, தெற்காசியாவிலேயே முதல்முதலா. அதுக்கப்புறம் வருஷத்துக்குச் சராசரியா ஆயிரத்துச் சொச்சம் உயிர்கள் தப்பிச்சிருக்குன்னு 2018-ல் ஒரு மதிப்பீடும் வந்தது.

அதே ஊர்ல ஒரு ஆஸ்பத்திரிக் கதை இருக்கு. பிரசவ வார்டு மேல் மாடியில இருந்தது. வெயில் காலத்துல பொறந்த குழந்தைங்க ஜுரமும் நீர்ச்சத்து இழப்புமா தீவிர சிகிச்சைக்கு வந்துக்கிட்டே இருந்தாங்க. வார்டைக் கீழ்த்தளத்துக்கு மாத்தினாங்க, அவ்வளவுதான். வெப்பத்தால தீவிர சிகிச்சைக்கு வர்ற குழந்தைகள் 64 சதவீதம் குறைஞ்சது. மருந்து இல்லை, மாயம் இல்லை, மாடி இறங்கினாங்க. இப்போ சொல்லுங்க, எந்தச் சாட்டிலைட் மேப்புல மாடி இருக்கு? கீழ்த்தளக் குழந்தையும் மேல்தளக் குழந்தையும் ஒரே புள்ளியில, ஒரே கலர்ல.

இன்னொண்ணு சிகாகோ. 1995 ஜூலையில அங்கே வெப்ப அலையால 739 பேர் செத்தாங்க. எரிக் கிளைனன்பெர்க் என்கிற சமூகவியலாளர் செத்தவங்க விலாசத்தை மேப்ல வெச்சுப் பார்த்தார். வடக்கு லாண்டேல், தெற்கு லாண்டேல்னு பக்கத்துப் பக்கத்து ஏரியா. ரெண்டுலயும் ஏழைகள், தனியா இருக்கிற வயசானவங்க. அடிச்ச வெயில் ஒண்ணுதான். ஆனா வடக்குல சாவு விகிதம் தெற்கை விடப் பத்து மடங்கு! தெற்குல தெரு ஜேஜேன்னு இருந்தது. கடைகண்ணி இருந்ததால பெரியவங்க வெளியே வந்து போனாங்க. வடக்குல கடைகள் காலியாகி, பாதி வீடுகள் பாழாகி, பயத்துல கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே வெந்து செத்தாங்க. சூட்டு மேப்பை மட்டும் பார்த்தா ரெண்டும் ஒரே செவப்பு. சாவு மேப்பைப் பார்த்தாத்தான் கதை தெரியுது.

நான் கேக்கறது இந்த மேப்பைத்தான். எந்த வீடு ஷீட் கூரை, எந்த வீடு கடைசி மாடி, எங்கே வயசானவங்க தனியா இருக்காங்க, எந்தத் தெருவுக்குத் தண்ணி லாரி எத்தனை மணிக்கு வருது, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எந்தத் தெரு இன்னும் ஆறலை. அதுக்கு மேல, மே மாசத்துல எந்த வார்டுல வழக்கத்தை விட எத்தனை பேர் கூடச் செத்தாங்க.

இதெல்லாம் இல்லாத விவரமா? பாதி கவர்மெண்ட் கையிலயே இருக்கு. சாவைப் பதியறது மாநகராட்சி. 108 ஆம்புலன்ஸ் 2008-லிருந்து ஓடுது, எந்த நேரத்துல எந்த இடத்துலேருந்து கூப்பிட்டாங்கன்னு ஒவ்வொரு அழைப்புக்கும் பதிவு இருந்தே ஆகணும், இல்லாம வண்டி எப்படி வரும்? கூரை எதால ஆனதுன்னு 2011 சென்சஸ்ல கேட்டாங்க. ஆனா பாருங்க, அந்த சென்சஸ் எடுத்தப்போ சென்னைக்கு 155 வார்டு. அதே வருஷம் ஊரை 426 சதுர கிலோமீட்டருக்கு விரிச்சு 200 வார்டு ஆக்கிட்டாங்க. பழைய வார்டு நம்பரை வெச்சுப் புது வார்டைத் தேடறதுக்குள்ள மண்டை காய்ஞ்சிடும். எனக்குக் காய்ஞ்சது :-)

ஒரு ஆபீசுக்குப் போய், வார்டுவாரியா மாசாமாசம் எத்தனை சாவுன்னு எண்ணிக்கை மட்டும் குடுங்க சார், பேரு விலாசம் எதுவும் வேணாம்னு கேட்டேன். "எதுக்கு சார் உங்களுக்கு?"ன்னார் அங்கே இருந்தவர். வெயிலுக்கும் சாவுக்கும் தொடர்பு இருக்கான்னு பாக்கணும்னேன். "வெயில்ல யாரு சார் சாவறா? எல்லாம் வயசானவங்க" என்றார். மனுஷன் கெட்டவர் இல்லை, டீயெல்லாம் வாங்கிக் குடுத்தார். எண்ணிக்கை மட்டும் வரலை.

இது வெறும் ஆராய்ச்சி ஆசை இல்லீங்க, பணமும் இதுல இருக்கு. 2024 அக்டோபர்ல தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடரா அறிவிச்சு, செத்தவங்க குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய்னு உத்தரவு போட்டது. நல்ல உத்தரவு. ஆனா அந்தப் பணம் வரணும்னா, செத்தது வெயிலாலன்னு யாராவது காகிதத்துல எழுதணும். ஷீட் ரூம்ல ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சைப் பிடிச்சவனுக்கு யார் எழுதுவா? எந்தத் தெருவுல எந்த நேரத்துல சூடு எவ்வளவு இருந்ததுன்னு மேப் இருந்தா, அவன் பொண்டாட்டி அதைக் காட்டிக் கேக்கலாம். இல்லைன்னா 'இயற்கை மரணம்'தான்.

"ஏம்ப்பா, சென்னையே கொதிக்குது, இதுல மேப் ஒரு கேடா? நாலு மரம் நடு"ன்னு ஒரு கோஷ்டி சொல்லும். நடுங்கப்பா, வேணாம்னா சொன்னேன்? எங்கே நடுவீங்க? இப்பவும் எல்லாம் ஒரு மேப்படிதான் நடக்குது, என்ன, அது மனசுக்குள்ள இருக்கிற மேப். தண்ணீர்ப் பந்தல் எங்கே வைக்கறாங்க? பேனர் தெரியற ஜங்ஷன்ல. 2024 கோடையில சிக்னல்ல பச்சை வலைப் பந்தல் போட்டாங்க, ஒரு நிமிஷம் நிக்கிற பைக்காரனுக்கு நிழல். வரவேற்கிறேன். பக்கத்துல அரைமணி நேரம் பஸ்சுக்கு நிக்கிற பாட்டிக்கு? 2025-ல் டெலிவரி பசங்களுக்கு அண்ணா நகர்ல ஏசி ஓய்வறை திறந்தாங்க. அருமையான வேலை. அடுத்தது எங்கேன்னு எதை வெச்சு முடிவு பண்ணுவாங்க? பார்சிலோனாவுல நூலகம், பள்ளிக்கூடம், பூங்காவையெல்லாம் வெப்பப் புகலிடம்னு குறிச்சு மேப் போட்டு, உங்க வீட்டுலேருந்து எத்தனை நிமிஷ நடைன்னு பாத்துப் பாத்துக் கூட்டிக்கிட்டே போறாங்க. நமக்கும் கிளை நூலகம் இருக்கு, அம்மா உணவகம் இருக்கு, கல்யாண மண்டபம் தெருவுக்கு ஒண்ணு இருக்கு.

எனக்கு உண்மையிலேயே ஒரு பயம் உண்டு. அதைச் சொல்லாம விட்டா நான் யோக்கியன் இல்லை. மேப் நல்லவன் கையில மட்டும் இருக்காது. 1930-கள்ல அமெரிக்காவுல வீட்டுக் கடனுக்காக நகரங்களை மேப் போட்டு, கறுப்பினத்தவர் இருக்கிற ஏரியாவையெல்லாம் செவப்புக் கட்டம் கட்டினாங்க. பணம் வரலை, பூங்கா வரலை, மரம் வரலை. 2020-ல் 108 நகரங்களை எடுத்துப் பாத்த ஒரு ஆய்வுல, அந்தச் செவப்புக் கட்ட ஏரியாக்கள் 94 சதவீத நகரங்கள்ல இன்னிக்கும் மத்த ஏரியாவை விடச் சூடா இருக்கு, சராசரியா 2.6 டிகிரி. மேப் சூட்டைக் காட்டலை, சூட்டை உண்டாக்குச்சு!

நம்ம ஊர்ல அது எப்படி நடக்கும்னு யோசிக்க ரொம்பக் கஷ்டப்பட வேணாம். வெள்ள அபாயம்னு சொல்லி அடையாறு, கூவம் கரையிலேருந்து ஜனங்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினாங்க. எந்தப் பெரும்பாக்கம்? பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டின பெரும்பாக்கம். அனுப்பி வெச்சது எட்டு அடுக்குக் கான்கிரீட் பெட்டிகளுக்கு. நாளைக்கு 'உங்க குடிசைப் பகுதி வெப்ப மேப்ல அடர்செவப்பு, உங்க உயிரைக் காப்பாத்தறோம், லாரியில ஏறுங்க'ன்னு சொல்ல எவ்வளவு நேரமாகும்? அதனால மேப்போட சேர்த்து ஒரு நிபந்தனை வேணும். செவப்பு விழுந்த இடத்துக்கு வெள்ளைப் பெயிண்ட் வரணும், நிழல் வரணும், தண்ணி வரணும், கரண்ட் கட் ஆகாம இருக்கணும். புல்டோசர் வரக்கூடாது. மேப் போடறப்போ அந்தத் தெரு ஜனம் கூட உக்காரணும். என் சாட்டிலைட்டுக்குத் தெரியாததை அந்த இஸ்திரி அக்கா ஒரு நிமிஷத்துல சொல்லிடுவாங்க.

மேப் போட்டா எங்க ஏரியா மனை விலை இறங்கிடும்னு அபார்ட்மெண்ட் சங்கத்துல ஒருத்தர் ரொம்பக் கவலைப்பட்டார். அவருக்குப் பதில் சொல்ல இந்தப் பதிவுல இடம் இல்லை.

எங்க வார்டுல அடுத்த ஏரியா சபைக் கூட்டத்துக்குப் போறதா இருக்கேன். மூணே கேள்விதான் எழுதி வெச்சிருக்கேன். இந்த வார்டுல ஷீட் கூரை வீடு எத்தனை? போன மே மாசம் எத்தனை சாவு, அதுக்கு முந்தின அஞ்சு வருஷ மே மாசங்கள்ல எத்தனை? ராத்திரியில சூட்டை அளக்க ஒரு கருவியாவது இந்த வார்டுல இருக்கா, இருந்தா எந்தக் கம்பத்துல? நீங்களும் உங்க வார்டுல இதையே கேளுங்க. பதில் வந்தா எழுதுங்க, நான் மேப்ல ஏத்தறேன். வரலைன்னாலும் எழுதுங்க, அந்த வார்டுக்கு வேற கலர் அடிச்சு வைக்கறேன்.